சேப்பல் லேன் வாழ்த்து அட்டைக் கடை

எங்கள் மாவட்டக் கவுன்சிலில் அனுமதியில்லாத கட்டடங்கள், கடைகள் மீது நடவடிக்கை எடுக்க இருப்பது ஒரே ஆள். அது நான்தான், மொய்ரா டிண்டல். ஹார்ல்ஸ்பி ஊரில், சேப்பல் லேனில் இருந்த தூண்டில் கடை மூடிய பிறகு, கிரெய்க் லபக் என்பவன் அங்கே 'வெல்வெட்' என்று போர்டு மாட்டி, கண்ணாடி முழுக்கக் கறுப்புத் தாள் ஒட்டினான். ஒரே வாரத்தில் நாற்பத்தொரு புகார் கடிதங்கள் வந்தன.

எல்லாவற்றிலும் அசிங்கம், பாவம், ஊர் மானம். எங்கள் விதியிலோ அசிங்கத்துக்கு இடமே கிடையாது. சாதாரணக் கடைக்கு அனுமதி உள்ள இடத்தில் பெரும்பாலும் அந்த மாதிரிப் படுக்கையறைப் பொருள்களை விற்றால், அதற்குத் தனி அனுமதி வாங்க வேண்டும். அவன் வாங்கவில்லை. ஆனால் அந்த 'பெரும்பாலும்' என்ற ஒரு சொல்லை நான் நிரூபித்தாக வேண்டும்.

முதல் தடவை போனபோது சுவர் முழுக்க அந்தச் சரக்குதான். படம் எடுத்தேன். "அட்டை லோடு இன்னும் வரல மேடம்" என்றான் லபக். அடுத்த தடவை கடையின் முன்பக்கம் பூராவும் வாழ்த்து அட்டைகள். மற்றதெல்லாம் பின்னால் ஒரு திரைக்குள் போயிருந்தது. நாலு மாதத்தில் ஐந்து தடவை போனேன். அதே பிறந்தநாள் அட்டைகள், அதே இடத்தில், தூசியோடு.

"ஒண்ணுகூட விக்கலையா?" என்றேன்.

"இந்த ஊர்ல யாரும் பொறக்க மாட்டேங்கறாங்க மேடம், நான் என்ன பண்ண?"

கவுன்சில் வக்கீல் கையை விரித்துவிட்டார். முக்கால்வாசி இடத்தில் அட்டைதான் இருக்கிறது, வியாபாரம் எதில் நடக்கிறது என்று வாங்கியவர் யாராவது வந்து சொன்னால்தான் வழக்கு நிற்கும் என்றார். புகார் எழுதிய நாற்பத்தொரு பேரில் ஒருவரும் உள்ளே கால் வைத்ததில்லை. கால் வைத்தவர்கள் வாய் திறக்கவில்லை. காகிதப் பையோடு வெளியே வந்த ஒருவரை நானே மறித்துக் கேட்டேன். "பேட்டரி வாங்கப் போனேன்" என்று சொல்லிவிட்டு ஓடாத குறையாக நடந்தார்.

அந்தத் தெருவில் உள்ள சேப்பல் என்ற சிறு தேவாலயத்தைச் சேர்ந்த கவுன்சிலர் வினிஃப்ரெட் ஸ்கெல்டன் வாரம் இரண்டு முறை போன் செய்வார். "என்ன மொய்ரா, தூங்குறியா? எங்க சேப்பலுக்கு நேர் எதுத்தாப்புல நடக்குது!"

"சாட்சி வேணுங்க. உங்க ஆளுங்க யாரையாவது அனுப்புங்க, வாங்கிட்டு வந்து சொல்லட்டும்."

"எங்க ஆளுங்களையா! வாயைக் கழுவு."

அந்த வாரமே அலுவலகத்துக்கு ஓர் அம்மா வந்தார். டொரீன் பாலிஸ்டர், எழுபது வயது. சேப்பலில் ஞாயிற்றுக்கிழமைப் பூ அலங்காரம் அவருடையது. கோட்டைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்தார்.

"சாட்சி தேடுறியாமே கண்ணு. நான் மூணு தடவை வாங்கியிருக்கேன். என் வீட்டுக்காரருக்கு ஆபரேஷன் ஆனதுக்கப்புறம் எங்களுக்குக் கொஞ்சம் உதவி தேவைப்பட்டுச்சு. அந்தப் பையன் மரியாதையாத்தான் பேசுறான். எப்பப் போனாலும் கடையில ஆளுங்க இருக்காங்க, ஒருத்தர்கூட அட்டைப் பக்கம் திரும்பினதில்ல."

"அப்போ கடை உங்களுக்குப் பிடிச்சிருக்கே, ஏன் வந்தீங்க?"

"கடை இருக்கட்டும். பொய்தான் பிடிக்கல. முறையாக் கேட்டா அனுமதி குடுப்பீங்கதானே?"

"கேட்டா பரிசீலிப்போம்" என்றேன். அப்படித்தான் சொல்ல வேண்டும். சொல்லும்போதே எனக்கு உறுத்தியது; முடிவெடுப்பது கவுன்சிலர்கள் குழு, நானல்ல.

விற்பனையை நிறுத்தச் சொல்லி நோட்டீஸ் கொடுத்தேன். லபக் மேல்முறையீடு போனான். நகர மண்டபத்தில் அரசு ஆய்வாளர் முன் விசாரணை நடந்தது. முன்வரிசையில் சேப்பல் ஆட்கள். டொரீன் என் தரப்புச் சாட்சியாக எழுந்ததும், தன் சேப்பல் ஆள் என்று ஸ்கெல்டன் பெருமையாகத் தலையாட்டினார். லபக்கின் வக்கீல் கேட்டார்: "அங்க வாழ்த்து அட்டை வாங்கலைன்னா, வேற என்னதான் வாங்கினீங்க?"

டொரீன் ஒவ்வொன்றாகப் பெயர் சொன்னார், காய்கறி வாங்கியதைச் சொல்வதுபோல. ஸ்கெல்டன் தன் கைப்பையின் கொக்கியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

தீர்ப்பு எங்கள் பக்கம். மூன்று மாதத்தில் நிறுத்த வேண்டும். லபக் அதன் பிறகுதான் முறைப்படி விண்ணப்பித்தான். கண்ணாடியில் கறுப்புத் தாளுக்குப் பதில் நல்ல காட்சி அமைப்பு, பள்ளிப் பேருந்து வரும் நேரத்தில் கடை மூடல் என்று நிபந்தனை போட்டு, கொடுக்கலாம் என்று நான் அறிக்கை எழுதினேன். ஸ்கெல்டன் தலைமையிலான குழு நாலு நிமிடத்தில் நிராகரித்தது. என் அறிக்கையை யாரும் புரட்டவில்லை. மேசையில் அடுக்கியபடியே இருந்தது.

லபக் ஊரை ஒட்டிய ஆற்றைத் தாண்டி, அடுத்த மாவட்டத்துக்குப் போய்விட்டான். அங்கே அனுமதி ஆறு வாரத்தில் கிடைத்ததாம். எங்கள் அலுவலகத்தில் எனக்குக் கேக் வெட்டினார்கள். என் பங்கைத் தட்டிலேயே விட்டுவிட்டேன்.

டொரீனைப் போய்ப் பார்த்தேன். பூ அலங்காரத்துக்கு இப்போது வேறு ஆள்.

"நேர்ல யாரும் எதுவும் சொல்லல கண்ணு. பட்டியல்ல என் பேரு இல்ல, அவ்வளவுதான்."

"என்னாலதான். மன்னிச்சிடுங்க."

"நீ என்ன செய்வ? உன் வேலை அது." தேநீருக்குக் கெட்டிலை வைக்க எழுந்தவர் திரும்பிப் பார்த்தார். "ஆனா ஒண்ணு. குடுப்பீங்கன்னு நினைச்சுத்தான் வந்தேன்."

தேநீரைக் குடித்துவிட்டு வந்தேன்.

திங்கட்கிழமை காலை முதல் போன் ஸ்கெல்டன்தான். "மொய்ரா, அவன் அங்க பெரிய சிவப்பு விளக்குப் போர்டு வச்சிருக்கான். நம்ம கரையில நின்னா பளிச்சுன்னு தெரியுது. என்ன பண்ணப் போற?"

"ஆத்துக்கு அந்தப் பக்கம் என் எல்லை இல்லைங்க."

"அப்போ யாருதான் பாக்குறது?"

"பாக்காம இருங்க" என்று சொல்லிப் போனை வைத்தேன். பத்து நிமிடத்தில் என் மேலதிகாரி கூப்பிட்டார்.