அந்துருண்டை போடாத பெட்டி

வளைகுடா நாட்டில், முவைலாவில் ஒரு லாண்டரியில் துணி தேய்க்கும் பத்மாவதியின் பெட்டியிலிருந்த நீல ஸ்வெட்டரை அந்துப்பூச்சிகள் மூன்று வருடத்தில் தின்று முடித்து, நான்காம் வருடம் பெரிதாக்கித் திருப்பிக் கொடுத்தன. பூச்சி இந்த ஊர்க்காரன் இல்லை. யாரோ ஐரோப்பியர் ட்ரைவாஷுக்குப் போட்ட கம்பளிக் கோட்டில் விசா இல்லாமல் வந்து இறங்கியது. ஸ்வெட்டர் மகள் கஜந்தினியுடையது. மலைநாட்டில், பொகவந்தலாவையில் பிள்ளையை நாலு வயதில் விட்டு வந்தபோது, அதன் வாசனைக்காக எடுத்து வந்தாள்.

ஊருக்கு யார் போனாலும் பத்மாவதி உடுப்பு கொடுத்தனுப்புவாள். கண்ணுக்குள் நிற்பது நாலு வயதுப் பிள்ளை, கை என்ன செய்யும், எடுத்ததெல்லாம் சின்னதாகவே போய்ச் சேர்ந்தது. "நான் இன்னும் சின்னப்புள்ளையாம்மா?" என்று கேட்ட கஜந்தினி, அதோடு போனுக்கு வருவதையே நிறுத்திவிட்டாள். அந்த வாரம்தான் பத்மாவதி பெட்டியைத் திறந்தாள். உள்ளே அரிசி அளவுப் புழுக்கள், ஒவ்வொன்றும் ஸ்வெட்டர் நூலிலேயே நீலச் சட்டை பின்னிப் போட்டிருந்தது. "அந்துருண்டையப் போடும்மா, ஹலாஸ், எல்லாம் முடிஞ்சிரும்," என்றார் முதலாளி மீராசா. உருண்டையைக் கையில் எடுத்தவளுக்கு மனசு வரவில்லை. "எம்புள்ள சட்டையப் போட்டிருக்குதுங்க, மொதலாளி."

உடம்பு பெருத்தபோதெல்லாம் புழுக்கள் சட்டையைப் பக்கவாட்டில் கிழித்து, நடுவில் துண்டு வைத்துத் தைத்துக்கொண்டன. சட்டை பெரிதாகிறதென்றால் பிள்ளை வளர்கிறாள் என்று பத்மாவதி புரிந்துகொண்டு, டியூட்டி முடிந்ததும் வந்து பார்த்துக்கொண்டிருப்பாள். பிறகு அவை சட்டைக்குள்ளேயே தூங்கி, வைக்கோல் நிறத்தில் வாயில்லாத பூச்சிகளாக எழுந்து, ஒரு வாரம் பறந்து, முட்டையிட்டுச் செத்தன. விட்டுப்போன சட்டைகள் ஒன்றோடொன்று தொற்றிக்கொண்டு கழுத்தும் கையுமாக ஸ்வெட்டராகிக் கிடந்தன. லீவில் போன ரூம்காரியிடம் அதைக் கொடுத்தனுப்பிவிட்டு, பத்து நாள் பத்மாவதி சோறு இறங்காமல் கிடந்தாள். தேய்க்க வந்த சட்டை இரண்டைத் தீய்த்துவிட்டாள்; மீராசா தன் கையிலிருந்து காசு கட்டினார்.

பதினோராம் நாள், கஜந்தினி ஸ்வெட்டரைப் போட்டு எடுத்த போட்டோ வந்தது. கை சரியாக மணிக்கட்டில் நின்றது. கீழே, "அளவு எப்படிம்மா தெரிஞ்சிச்சு?" என்று கேட்டிருந்தாள். பத்மாவதி தேய்ப்புப் பெட்டியை நிறுத்திவிட்டு நன்றாக அழுதாள். பிறகு, "பாத்துக்கிட்டே தானே இருக்கேன்," என்று பதில் போட்டாள். சாயங்காலம் மீராசா ஒரு நீலக் கம்பளி நூற்கண்டு வாங்கி வந்து, "வளர்ற புள்ள, இதையும் பொட்டியில போட்டு வையி," என்றார்.