என்னோடது இல்ல

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இந்தக் கதையை நான் யோசித்து எழுதவில்லை. நாணல் புதரில் கிடந்தது, எடுத்துக்கொண்டு வந்தேன். பின்லாந்தில், மிக்கெலி ஊருக்கு வெளியே ஏரிக்கரையில், மே மாதம், பனி உருகி முடிந்த சமயம். ஒரு டிஸ்க் கோல்ஃப் தட்டு, சங்கிலி தொங்குகிற கூடையைக் குறிவைத்து எறிவார்களே, அந்த பிளாஸ்டிக் வட்டு. பச்சை, வெள்ளை, ஆரஞ்சு எல்லாம் திட்டுத்திட்டாக, கழுவாத சட்டி மாதிரி இருந்தது. அடியில் தார்மோ என்ற பெயரும் போன் எண்ணும் கீறியிருந்தன. பின்லாந்தில் கிடைத்த தட்டை அதிலுள்ள எண்ணுக்குக் கூப்பிட்டுச் சொல்லாமல் வைத்துக்கொள்கிறவனை மனுஷனாகவே மதிக்க மாட்டார்கள். கூப்பிட்டேன்.

“உங்க தட்டு ஒண்ணு கிடைச்சிருக்கு.”

“என்னோடது இல்ல.”

“உங்க பேரு போட்டிருக்கே?”

“தெரியும்யா! நேத்து ஒருத்தி, முந்தாநாள் ஒரு பாதிரியார், இன்னிக்கு நீங்க. என் அக்கா இர்யாகிட்டப் போய்க் கொடுங்க. மஞ்சள் கொட்டகை. என்னை விடுங்க!”

வைத்துவிட்டான்.

2

இப்போது கதையைத் தொடங்க வேண்டும்.

“தார்மோவின் கையிலிருந்து கிளம்பிய தட்டு, காற்றின் முதுகில் ஏறி...” சீ. காற்றுக்கு ஏது முதுகு.

“இர்யாவின் கொட்டகையில் உருகிய பிளாஸ்டிக் வாசனை...” வாசனையாம்! நாற்றம் என்று எழுத எனக்கு என்ன கூச்சம்?

தட்டோடு கொட்டகைக்குப் போனபோது இர்யா சொன்னதை நேராகவே சொல்கிறேன். தார்மோ ஊர் கிளப்பில் பெரிய கை. அவன் எறிந்தால் கூடைச் சங்கிலி குலுங்காமல் இருக்காது. ஒரு குளிர்காலம் பனியில் வழுக்கி வலது தோளைக் கிழித்துக்கொண்டான். அறுவை சிகிச்சை செய்தார்கள், கை திரும்ப வந்தது, எறி வரவில்லை. தட்டு பாதி தூரத்தில் விழுந்தது. அன்றோடு வீட்டுக்குள் போனவன்தான். கடைக்குக்கூட ஆள் இல்லாத நேரம் பார்த்துத்தான் போவான். தம்பி இப்படியே உள்ளேயே கிடந்து மக்கிப்போவானோ என்று இர்யாவுக்கு பயம் பிடித்துக்கொண்டது.

லேசான தட்டு ஒன்றை வாங்கிக் கொடுத்துப் பார்த்தாள்.

“இது சின்னப் பசங்க எறியறது. எனக்கு என்ன, பல்லு முளைக்கலையா?”

சரி, அவனுடைய பழைய தட்டின் அதே வடிவத்தில், லேசான பிளாஸ்டிக்கில், தானே செய்துவிடுவது என்று இறங்கினாள். அவன் விட்டெறிந்த தட்டுகளில் ஒன்றை வைத்து, அலுமினியத் தூள் கலந்த பசையில் அச்சு எடுத்தாள். பாட்டில் மூடி, ஐஸ்கிரீம் டப்பா எல்லாவற்றையும் நறுக்கி, பழைய மின் அடுப்பில் வைத்து, மாவு பதம் வந்ததும் அச்சில் திணித்து, கார் ஜாக்கியால் இறுக்கினாள். ஆறும்வரை தொடக்கூடாது. அவசரப்பட்டுத் திறந்தால் அப்பளம் மாதிரி வளைந்துவிடும். இர்யாவுக்கோ பொறுமை கிடையாது. எத்தனையோ அப்பளம்.

(பேனா எழுத்து அழிந்துபோகிறது என்று தார்மோ தன் தட்டுகளில் பழுக்கக் காய்ச்சிய ஆணியால் எண்ணைக் கீறி வைத்திருந்தான். கீறல் அச்சில் மேடாக ஏறிவிட்டது. அதிலிருந்து வந்த ஒவ்வொரு தட்டிலும் தார்மோ, தார்மோ, தார்மோ.)

தேறிய தட்டுகளை, எறிந்து பார்த்துச் சொல்லுங்கள் என்று கிளப்பில் கொடுத்தாள். அவர்கள் வழக்கம்போலத் தொலைத்தார்கள். ஏரியில் விழுந்தால் கடையில் வாங்கிய தட்டு பெரும்பாலும் மூழ்கிவிடும். இர்யாவுடையது மிதந்தது. பனி உருகியதும் எல்லாம் கரைக்கு வந்துவிட்டன.

3

இர்யா மேல் எனக்கு ஒரு சந்தேகம்.

“எண் இருந்தது உங்க கண்ணுல படவே இல்லையா?”

“படல.”

“திருப்பித் திருப்பிப் பாத்துத்தானே செஞ்சீங்க?”

“ஏம்ப்பா, நீ கதை எழுத வந்தியா, போலீஸ் வேலை பாக்க வந்தியா? காப்பியைக் குடி.”

கதையின் ஒரு வரைவில் அவளை அப்பாவியாக எழுதினேன், இன்னொன்றில் கைகாரியாக. இரண்டிலும் அதே காப்பியைத்தான் ஊற்றுகிறாள்.

4

நான் கொட்டகையில் இருந்த ஒரு நாள் தார்மோ கோபத்தோடு வந்தான்.

“அக்கா! ஊர்ல இருக்கிறவன் எல்லாம் எனக்கு போன் பண்றான்!”

“நம்பரை மாத்திக்கோயேன்டா.”

“நான் ஏன் மாத்தணும்? நீ அச்சைச் சுரண்டு!”

“சுரண்டறேன், சுரண்டறேன். அச்சு இப்ப சூடா இருக்கு.”

அவள் ஒரு தட்டை நீட்டினாள். பார்க்காமலே போய்விட்டான். “கையில வாங்கக்கூட இல்லப்பா” என்று என்னிடம் சொல்லி அழுதாள்.

இந்த இடத்தில் நான் வைத்த முடிவு: தார்மோ எல்லாத் தட்டையும் சவுனா என்கிற நீராவிக் குளியலறையின் அடுப்பில் போட்டுக் கொளுத்துகிறான். இர்யா படித்துவிட்டு, “எந்த மடையன் சவுனா அடுப்புல பிளாஸ்டிக் போடுவான்? வெட்டு” என்றாள். வெட்டினேன்.

அடுத்த முடிவில் அவன் எறிகிறான், சங்கிலி குலுங்குகிறது, எல்லாரும் கை தட்டு...

வேண்டாம். எனக்கே வெட்கமாக இருக்கிறது.

5

நடந்தது இதுதான். இர்யா அச்சைச் சுரண்டவில்லை. ஆனால் அழுத்த அழுத்த எழுத்து தேய்ந்துகொண்டே வந்தது. கோடை முடிவதற்குள் வெறும் மேடு.

செப்டம்பரில் ஒரு மத்தியானம் கொட்டகையில் இர்யாவுக்கு உதவியாக நான் பாட்டில் மூடி நறுக்கிக்கொண்டிருந்தேன். தார்மோ வந்து வாசலில் நின்றான்.

“இப்பல்லாம் யாரும் கூப்பிடறதில்லையே. ஏன்?”

இர்யா திரும்பவில்லை. “நீதானே சுரண்டச் சொன்னே?”

“சுரண்டிட்டியா?”

“தானாத் தேஞ்சுபோச்சு.”

உள்ளே வந்தான். “அந்தப் பாதிரியார் நல்லாப் பேசுவாரு” என்றான். பிறகு ஓர் ஆணி கேட்டான். அடுப்பில் காய்ச்சி, குவியலில் இருந்த தட்டுகளில் ஒவ்வொன்றாகத் தன் எண்ணைக் கீற ஆரம்பித்தான்.

“எதுக்குடா இதெல்லாம்?”

“தொலைஞ்சா கிடைக்கணும்ல.”

போகும்போது ஒரு தட்டைக் கோட்டுக்குள் செருகிக்கொண்டான். கதவு சாத்தியதும் இர்யா என் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

“கோட்டுக்குள்ள போட்டானே, அதுல எழுதினானா? சொல்லுப்பா, எழுதினானா?”

சுவரில் மாட்டப்போகிற தட்டுக்கு யாரும் எண் எழுதமாட்டார்கள். எறியப்போகிறவன்தான் எழுதுவான். அதற்குத்தான் அவள் தவித்தாள். நானோ அந்த நேரம் பார்த்து ஐஸ்கிரீம் டப்பாவை நறுக்கிக்கொண்டிருந்தேன். பார்க்கவில்லை.

6

ஆகவே முடிவு என்னிடம் இல்லை. அந்த ஏரிப் பக்கம் போனால் நாணலுக்குள் பாருங்கள். திட்டுத்திட்டாக ஒரு தட்டு கிடந்தால் திருப்பி, எண்ணைக் கூப்பிடுங்கள். தார்மோ எடுப்பான். “என்னோடது இல்ல” என்றால் கிளப்பில் யாராவது தொலைத்ததாக இருக்கும், போனை வைத்துவிடுங்கள். “ஆமா, என்னோடதுதான், எங்க இருக்கீங்க, வர்றேன்” என்றால், அவன் வந்து சேர்வதற்குள் மஞ்சள் கொட்டகைக்கு ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.