வசந்தினி அன்ரி வீட்டில் இருபத்தேழு டிகிரி

சத்தியமாகச் சொல்கிறேன், வயர் வேலையில் எனக்குப் பிழை வராது. யாழ்ப்பாணத்தில் பழகிய தொழிலை மெல்பேர்னில் அரிச்சுவடியிலிருந்து திரும்பப் படித்து, 2013 ஜூனில்தான் தவம் என்று என் சொந்தப் பெயரில் எலக்ட்ரீஷியன் லைசன்ஸ் எடுத்தேன். ஜூலையில், மெல்பேர்னின் நடுக்குளிரில், முதல் வேலை, பொரோனியாவில் வசந்தினி அன்ரி வீட்டில்.

அன்ரியின் மகன் பிரதீஸ் கலிஃபோர்னியாவிலிருந்து ஒரு ஸ்மார்ட் தெர்மோஸ்டாட் அனுப்பியிருந்தான். வீட்டுச் சூட்டை அதுவே பார்த்து, அறை ரேடியேட்டர்களுக்குச் சுடுதண்ணி அனுப்பும் பாய்லரைப் போடும், நிறுத்தும். அவன் அங்கே படுத்தபடி ஃபோனிலும் பார்க்கலாம். அது இருபத்துநாலு வோல்ட் சாமான், பாய்லரோ இருநூற்று நாற்பது. நடுவில் வோல்ட்டைக் குறைக்க ஒரு ட்ரான்ஸ்ஃபோமரும், பாய்லரைத் தட்டிவிட ஒரு ரிலேயும் வைத்து, வீடு இருபத்தொரு டிகிரியில் இருக்கவேண்டும் என்று சொல்லிக்கொடுத்து, பகல் இரண்டு மணிக்கு சுவிட்சைப் போட்டேன். பாய்லர் குபுக்கென்று பிடித்துக்கொண்டது. ஆளில்லாத ஹோலில் ஒரு சின்ன ஆட்டமே ஆடிவிட்டேன்.

அன்ரிக்கும் தலைகால் புரியாத சந்தோசம். புதுக் காருக்குச் செய்வதுபோலத் தெர்மோஸ்டாட்டுக்குச் சந்தனப் பொட்டு வைத்தார். அதற்கு நேர் கீழே ஒரு ஸ்டூல் போட்டு, குத்துவிளக்கில் ஐந்து திரியும் ஏற்றினார்.

"உன்ர முதல் வேலையடா தவம். இரவு வரைக்கும் எரியட்டும்."

நானும் திரியைத் தூண்டிவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.

அன்று ஆடிப்பிறப்பு. ஆறு மணிக்குக் கோயில் ஆட்கள் இருபது பேர் கூழ் குடிக்க வருகிறார்கள். அவர்களுக்குக் கொடுக்கப் புத்தம்புது விசிட்டிங் கார்டுகள் என் சட்டைப்பையில் இருந்தன. அந்த இருபது வாய்தான் எனக்கு விளம்பரம். "பெடியன் நல்லாச் செய்தான்" என்றார்கள் என்றால் பிழைத்தேன். இல்லையென்றால் திரும்பவும் பழைய கோழி ஃபக்டரி வேலைதான்.

நாலு மணிக்கு வீடு ஐஸ்பெட்டி. பாய்லர் மூச்சுக் காட்டவில்லை. ரிலேயைக் கழற்றிப் பூட்டினேன். ஒவ்வொரு வயரையும் இழுத்துப் பார்த்தேன். எல்லாம் சரி! ஆத்திரத்தில் ஸ்க்ரூ டிரைவரை எறிந்தேன். அது சோபாவுக்கு அடியில் போய்விட்டது. அதைத் தேடியதில் கால் மணித்தியாலம் போனது.

ஆறு மணிக்குக் கொஞ்சம் முன்னர் பிரதீஸுக்கு ஃபோன் போட்டேன். நித்திரைக் குரலில் சொன்னான்: "அண்ணை, இங்க இருபத்தேழு காட்டுது. அம்மாவுக்கு வேர்த்துக் கொட்டுமே."

"விசரா! உன்ர கொம்மா மூண்டு சுவெட்டர் போட்டுக்கொண்டு கூழ் கிண்டுறா. வேர்க்குதாம்!"

ஆறு மணி. செந்தில்நாதன் அங்கிள்தான் முதலில் வந்தார், கோயில் கமிட்டிச் செயலாளர். கழற்றிய கோட்டைத் திரும்பப் போட்டுக்கொண்டார். பின்னால் வந்தவர்கள் கழற்றவே இல்லை. எனக்கு அழுகை வந்தது. சுவரில் இருபத்தேழு பல்லைக் காட்டிக்கொண்டிருந்தது. விரல் விறைத்துப்போனதால், அதையே முறைத்தபடி நின்று குளிர்காய்ந்தேன்.

எதில் குளிர்காய்கிறேன்?

ஐயோ! ஐந்து திரி! வீட்டிலேயே சூடான இடம் இந்த அரைச் சாண் சுவர்தான். இந்த மூதேவிப் பெட்டி வீடு முழுக்க இப்படித்தான் என்று நம்பிக்கொண்டிருக்கிறது! எனக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. விளக்கை அணைக்காமல், இரு கையாலும் தூக்கி, அடிமேல் அடிவைத்துச் சாமித்தட்டுக்கு நடந்தேன்.

"எங்கயடா கொண்டு போறாய்?" குசினி வாசலில் அகப்பையோடு அன்ரி. இருபது பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.

உங்கட விளக்கால்தான் என்று எப்படிச் சொல்வேன்? எனக்காக ஏற்றிய விளக்கு.

"ஒண்டுமில்லை அன்ரி... ஒரு வயர் லூசாப் போச்சுது. என்ர பிழைதான்."

"மத்தியானம் பூட்டினது, பின்னேரமே லூசோ?" என்றார் செந்தில்நாதன் அங்கிள். யாரோ உச்சுக்கொட்டினார்கள். சட்டைப்பைக்குள் கார்டுகளை அமுக்கிப் பிடித்தேன். போச்சு, எல்லாம் போச்சு.

இருபத்தைந்து. இருபத்திரண்டு. இருபது. குபுக்! ரேடியேட்டர்கள் கிணுகிணுக்கத் தொடங்கின.

அன்ரி தெர்மோஸ்டாட்டைப் பார்த்தார். வெறும் ஸ்டூலைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். முப்பது வருடம் யாழ்ப்பாணத்து வேம்படிப் பள்ளிக்கூடத்தில் பௌதிகம் படிப்பித்த மனிசி.

"பொய் சொல்லாதை!" என்று அகப்பையை ஓங்கினார். "வயருமில்லை, மண்ணாங்கட்டியுமில்லை. வெப்பமானிக்குக் கீழ நெருப்பைக் கொளுத்தி வைச்சது நான். வெப்பம் மேல போகும் எண்டு முப்பது வருசம் கத்தினதும் நான்!"

சொல்லி முடிக்கமுடியாமல் ஸ்டூலில் குந்திச் சிரித்தார். செந்தில்நாதன் அங்கிள் சிரித்ததில் கூழ் மூக்கால் வந்தது. ஃபோனை வைக்க மறந்திருந்தேன். கலிஃபோர்னியாவிலிருந்தும் ஒரு சிரிப்பு கேட்டது.

"எனக்காண்டித் தன்ர பேரைக் கெடுக்கப் பாத்தவன்," அன்ரி கண்ணைத் துடைத்துக்கொண்டே கையை நீட்டினார். "எடடா அந்தக் கார்டுகளை."

நான் எடுத்துக் கொடுத்தேன். கோட்டுகளைக் கழற்றிக்கொண்டிருந்தவர்களுக்கு, கூழ்க் கோப்பையோடு ஆளுக்கொரு கார்டாக அவரே கொடுத்துக்கொண்டு போனார்.