அண்ணனின் சதைத் துணுக்கு

அண்ணனின் குடலிலிருந்து கிள்ளியெடுத்த பருக்கையளவு சதை எங்கள் ஆய்வகத்துக்கு வந்தது. ஃபார்மலின் திரவத்தில் ஊறிய சதை அழுகாது, மாறவும் மாறாது. அதை மெழுகில் பதித்து, தலைமுடியைவிட மெல்லிய ஏடாகச் சீவி, கண்ணாடித் தகட்டில் ஒட்டிச் சாயமேற்றுவோம். செல்லின் கரு ஊதாவாகத் தெரியும். கருக்கள் ஒரே அளவில் வரிசையாக இருந்தால் பயமில்லை.

"நீ பார்த்துச் சொன்னாதான் உங்க அண்ணன் ஆபரேஷனுக்கு ஒத்துக்குவாராம். ஜெபம் பண்ணிட்டுப் பாரும்மா," என்று அண்ணி காலையில் போனில் சொல்லியிருந்தார்.

மைக்ராஸ்கோப்பின் முன் கண்ணை மூடினேன். பக்கத்து மேசை டாக்டர் சிரித்தார்.

"என்ன மேடம், ஜெபம் பண்ணா செல்லு மனசு மாறிடுமா?"

"மாறாது சார். இது எங்க அண்ணனோடது. என் கண்ணு நைசா நல்லதை மட்டும் பார்த்துட்டு வந்துடக் கூடாதுல்ல? அதுக்குத்தான்."

அவர் சிரிப்பை நிறுத்திவிட்டார்.

கருக்கள் பெருத்து, ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடந்தன. எனக்கு அழுகை வரவில்லை. தெளிவாகத் தெரிந்த பிறகும் ஃபோகஸ் திருகைத் திருகிக்கொண்டே இருந்தேன். தகட்டை டாக்டரிடம் நகர்த்தினேன். அவரும் பார்த்துவிட்டுத் தலையசைத்தார்.

அண்ணியை அழைத்தேன்.

"ஜெபம் பண்ணியாம்மா?"

"பண்ணேன் அண்ணி. புற்றுநோய்தான்."

அண்ணி எழுந்து போய்க் கதவைச் சாத்தும் சத்தம் போனில் கேட்டது.

"சரி, ஆபரேஷன் எப்பன்னு கேளு. அவர்கிட்ட நான் சொல்லிக்கிறேன்," என்றார்.

சர்ஜனின் எண்ணைத் தேடினேன்.