சுண்ணாம்புக் கண்

செவ்வாய்க்கிழமை உச்சி வெயிலில் மோகனப்ரியா மாடி ஜன்னல் வழியே பார்த்தபோது, அவளுடைய அண்ணன் செம்மல் வீட்டைத் தாண்டி நடந்து போனான். சாப்பாட்டு நேரம். கடைக்குப் போகிறான் போல என்று நினைத்துக்கொண்டு அவள் மறுபடி திரையைப் பார்த்தாள். சற்று நேரத்தில் அவன் மறுபடியும் அதே திசையிலிருந்தே வந்தான். வீட்டைத் தாண்டிப் போனான். மூன்றாவது முறை வாசலுக்கு நேரே நின்றான். கையை நீட்டி, எதிரில் சுவர் இருக்கிறதா என்று பார்க்கிறவன் போலக் காற்றைத் தடவினான்.

“அண்ணே, என்ன பண்றே?”

குரல் வந்த பக்கம் திரும்பினான். பார்வை அவளைத் தாண்டி எங்கோ போயிற்று.

“ப்ரியா, நம்ம வீடு எங்கிட்டு இருக்கு?”

விளையாடுகிறான் என்று அவள் சிரித்தாள். அவன் சிரிக்கவில்லை. இறங்கிப் போய்க் கையைப் பிடித்து உள்ளே கூட்டி வந்த பிறகுதான் அவனுக்கு வீடு வீடாகத் தெரிந்தது. வெயில் தலைக்கேறிவிட்டது என்று அம்மா புவனேஸ்வரி மோர் கரைத்துக் கொடுத்தாள்.

“கையைக் கழுவிட்டுச் சாப்புடுப்பா. இன்னும் சுண்ணாம்பு வாடை அடிக்குது.”

“மூணு நாளா கழுவிக்கிட்டுத்தாம்மா இருக்கேன்” என்றான் செம்மல்.

அந்தச் சுண்ணாம்பின் கதையை முதலில் சொல்லிவிட வேண்டும்.

திருமயத்துக்கு மேற்கே உள்ள மேலூரணிப்பட்டியில், கண்மாயை ஒட்டினாற்போல அய்யனார் கோயில். கோயில் என்றால் கூரை கிடையாது. ஒரு வீரமரம், அதற்கு முன்னால் இரண்டு வரிசை மண்குதிரைகள். புரவி எடுப்புத் திருவிழாவின்போது, குயவரான வேளார் வீட்டில் செய்த குதிரைகளை ஊரே சுமந்து வந்து நிறுத்தும். கடைசியாக வேளார் விழி வரைந்து கண் திறப்பார். கண் திறக்கும்வரை அது வெறும் மண். திறந்த பிறகு அய்யனார் ஏறிக் காவல் சுற்றும் குதிரை. அதற்கப்புறம் அதை நகர்த்தக் கூடாது. காது உதிர்ந்தாலும் கால் முறிந்தாலும், நின்ற இடத்திலேயே மழையில் கரைந்து மண்ணாக வேண்டும்.

அந்தக் குதிரைகளுக்கு நடுவேதான் புதிய ரோடு வரவிருந்தது. ஊரே மனு கொடுத்துக் கேட்ட ரோடு. மழைக்காலத்தில் ஆம்புலன்ஸ் ஊருக்குள் வராமல் இரண்டு பேர் போய்ச் சேர்ந்திருந்தார்கள். மோகனப்ரியாவுக்கும் அந்த ரோடு வேண்டும். அதன் ஓரமாக இன்டர்நெட் கேபிள் வரும் என்று சொல்லியிருந்தார்கள். வந்துவிட்டால், செல்போன் சிக்னலை நம்பித் தகரக் கொட்டகை போட்ட மாடியில் வேக வேண்டாம்.

அவள் ஒரு ஜப்பானிய அனிமேஷன் படத்துக்கு, சென்னைக் கம்பெனி ஒன்றின் வழியாக, வரைந்துகொண்டிருந்தாள். கால் தூக்குவதையும் அந்தக் கால் தரையில் படுவதையும் அங்கே உள்ளவர்கள் வரைந்து அனுப்புவார்கள். அவற்றுக்கு நடுவில் வரும் படங்களை இவள் வரைய வேண்டும். படத்தில் ஒரு நகரம் ஏரியை மூடி அடுக்குமாடிகள் கட்டியிருந்தது. ஏரியில் குடியிருந்த தெய்வம், பாதி மான் பாதி குதிரை போன்ற ஒன்று, தன் தண்ணீரைத் தேடித் தெருத்தெருவாக நடக்கிறது. அதற்குக் கண் கிடையாது. ‘முகம் வெறுமையாக இருக்கட்டும். கண் வரைந்தால் அது யாரையாவது பார்க்க ஆரம்பித்துவிடும்’ என்று இயக்குநர் குறிப்பு எழுதியிருந்தார்.

அந்தக் குறிப்பை மோகனப்ரியா படித்துக்கொண்டிருந்த நாளில்தான் செம்மல் மாடியேறி வந்தான். குதிரைகளை அள்ளும் வேலை அவனுடைய ஜேசிபிக்கு வந்திருந்தது.

“நான் தொட மாட்டேன்னு சொல்லிட்டேன். கண்ணு தெறந்த குதிரை. ரெங்கசாமி மாமா விட மாட்டேங்குறாரு.”

“கண்ணு தெறந்தாத்தானே அது குதிரை?” திரையிலிருந்து பார்வையை எடுக்காமல் அவள் சொன்னாள். “கண்ணு மேல சுண்ணாம்பப் பூசிவிடு. பழையபடி மண்ணாயிரும். மண்ணை அள்ளுறதுக்கு ஒனக்கு என்ன பயம்?”

வேடிக்கையாகத்தான் சொன்னாள். செம்மல் அதை வேடிக்கையாக எடுத்துக்கொள்ளவில்லை. கோயில் கமிட்டித் தலைவர் ரெங்கசாமியிடம் போய்ச் சொன்னான். அவர் தொடையில் தட்டிக்கொண்டார். “இத்தனை பேரு மண்டையப் பிச்சுக்கிட்டோம். படிச்ச புள்ள ஒரே வார்த்தையில முடிச்சுருச்சு பாரு.” வேளாரிடம் யாரும் கேட்கவில்லை. அவர் இடுப்பெலும்பு முறிந்து விராலிமலையில் மகள் வீட்டில் கிடந்தார். சனிக்கிழமை தேங்காய் உடைத்து, ரெங்கசாமி ஒரு வரிசைக்கும் செம்மல் மறு வரிசைக்குமாகக் கண்களில் சுண்ணாம்பு பூசினார்கள். ஞாயிற்றுக்கிழமை ஜேசிபி குதிரைகளை அள்ளிக் கண்மாய்க்குள் இருந்த பழைய செம்மண் குழியில் கொட்டியது. இருப்பதிலேயே பெரிய குதிரை மட்டும் மிஞ்சியது. ஒன்றரை ஆள் உயரம். இரண்டு முறை சங்கிலி கட்டினார்கள். இரண்டு முறையும் நழுவியது. நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார்கள். அந்த நாளை இன்னும் வரவில்லை.

புதன்கிழமை ரெங்கசாமி டிவிஎஸ்ஸில் திருமயத்துக்குக் கிளம்பினார். நேர் ரோடு, ஒரே ஒரு திருப்பம். கால் மணி நேரம் ஓட்டிப்போய் நிறுத்தினால், எதிரே அந்த ஒற்றைக் குதிரை நின்றது. மறுபடி கிளம்பினார். மறுபடியும் குதிரை. டீக்கடையில் இதை அவரே சிரித்துக்கொண்டு சொன்னார்: “என் வண்டிக்கு அய்யனார் மேல பாசம் வந்துருச்சுய்யா.” சாயங்காலம் அவருடைய மனைவி இருளாயி அவரைக் கைப்பிடித்து வீட்டுக்குக் கூட்டிப் போனதை மோகனப்ரியா பார்த்தாள். அப்போது அவர் சிரிக்கவில்லை.

செம்மலுக்கு இப்போது வீட்டுக்குள்ளேயும் வழி தப்பியது. அடுப்படி என்று நினைத்து பீரோ முன்னால் தட்டோடு நின்றான். குளியலறைக்குள் போனவன் வெளியே வரும் கதவு எது என்று கேட்டான். “எல்லாப் பக்கமும் ஒரே வெள்ளையா இருக்கு ப்ரியா” என்றான்.

அந்தப் புதன்கிழமை உச்சிப்பொழுதில்தான் அவள் ஒரு சத்தம் கேட்டாள். தெருவில் நாய்கள் அடங்கியிருந்தன. டொக். காலிப் பானையைச் சுவரில் மெல்ல முட்டுவது போல. சற்று இடைவெளி. மறுபடி டொக், இன்னும் கொஞ்சம் அருகில். எட்டிப் பார்த்தாள்; வெயில்தான் இருந்தது. இறங்கிப் போனாள். தெருமுனை வீட்டுச் சுவரில், அவள் தலைக்கு மேலே ஒரு முழ உயரத்தில், செம்மண் தேய்ந்த தடம். நடுவில் வெள்ளையாக ஒரு தீற்று. அடுத்த வீட்டுச் சுவரிலும் அப்படியே ஒன்று. அதற்கடுத்ததிலும். வழி தெரியாத ஏதோ ஒன்று முட்டி முட்டித் திரும்பியிருந்தது. கடைசித் தடத்துக்கும் அவர்கள் வீட்டுக்கும் நடுவில் இரண்டு வீடுகள் பாக்கி இருந்தன.

அம்மாவிடம் அவள் சொல்லவில்லை. மாடிக்கு வந்து வேலையைத் திறந்தாள். தெய்வம் நேராக நடக்கும் காட்சி. நாற்பத்தேழாவது படத்தில் அது தலையைத் திருப்பியிருந்தது. வெறுமையான முகம் அவளை நோக்கி இருந்தது. அழித்துவிட்டுப் புதிதாக வரைந்தாள். கோப்பைச் சேமித்து மறுபடி திறந்தபோது தலை திரும்பியே இருந்தது. அதை அப்படியே அனுப்பிவிட்டுக் கணினியை மூடினாள்.

வியாழக்கிழமை காலை வீடியோ அழைப்பு வந்தது. சென்னையிலிருந்து அருணா. மொழிபெயர்ப்பது அவள்தான். இன்னொரு கட்டத்தில் இயக்குநர், நரைத்த குட்டை முடி வைத்த பெண்மணி. அவருக்குப் பின்னால் அலமாரியில் உருண்டையான சிவப்புப் பொம்மை ஒன்று. ஒரு கண்ணில் கறுப்பு விழி. மற்றது வெறும் வெள்ளை. மோகனப்ரியாவால் அந்த வெள்ளையை விட்டுப் பார்வையை எடுக்க முடியவில்லை.

“அருணாக்கா, அந்தப் பொம்மைக்கு ஏன் ஒரு கண்ணு மட்டும் இருக்குன்னு கேளுங்களேன்.”

அருணா கேட்டுவிட்டுச் சொன்னாள். “வேண்டுதல் பொம்மையாம்மா. வேண்டிக்கும்போது ஒரு கண்ணு வரைவாங்களாம். நடந்தப்புறம் இன்னொண்ணு.”

“நடக்கலேன்னா?”

இயக்குநர் கொஞ்சம் யோசித்துப் பதில் சொன்னார். அருணா சிரித்தாள். “அதுக்கும் முழுசாப் பாக்கணும்னு ஆசை இருக்கும்ல, அதனால காத்துக்கிட்டு இருக்குமாம். அப்புறம் ப்ரியா, நாப்பத்தேழுல தலை திரும்புது பாரு, ரொம்பப் புடிச்சிருக்காம். அப்படியே வச்சுக்கச் சொல்றாங்க.”

“அது நான் வரையலக்கா.”

“சரியாக் கேக்கல. சிக்னல் விட்டு விட்டு வருது” என்றாள் அருணா. திரை உறைந்தது.

அதற்கப்புறம் அவள் வேலை எதையும் திறக்கவில்லை. கையில் வரைபேனாவை உருட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வெயில் உச்சிக்கு வந்தபோது அம்மா படியேறி வந்தாள். வாசல் கதவு திறந்து கிடந்ததாம். “செம்மல் இங்கிட்டு வந்தானா?”

மோகனப்ரியா தோள்பையை எடுத்துக்கொண்டு, வரைபேனாவைக் கீழே வைக்கக்கூடத் தோன்றாமல் ஓடினாள். போகும்போது பார்த்தாள்: அவர்கள் வீட்டு வாசலுக்குப் பக்கத்தில், ஈரம் காயாத செம்மண் தடம்.

கண்மாயில் தண்ணீர் வற்றி வெடித்துக் கிடந்தது. நடுவே செம்மல் வட்டமாக நடந்துகொண்டிருந்தான். கைகள் முன்னால் நீண்டிருந்தன. குதிரைகளைக் கொட்டிய குழி இரண்டு ஆள் ஆழம். உடைந்த கால்களும் தாடைகளும் மேல்நோக்கிக் கிடந்தன. ஒவ்வொரு சுற்றிலும் அவன் குழிக்கு ஓரடி நெருங்கினான். அவள் ஓடிப்போய் அவன் கையைப் பிடித்தாள். போன முறை அது போதுமாக இருந்தது.

செம்மல் மரியாதையாகக் கையை விடுவித்துக்கொண்டான்.

“யாருங்க? மேலூரணிப்பட்டிக்கு எங்கிட்டுப் போகணும்னு தெரியுங்களா?”

“அண்ணே, நான் ப்ரியா.”

“அங்க என் தங்கச்சி இருக்கா. அவகிட்ட கேட்டாத் தெரியும்ங்க” என்றபடி அவளைச் சுற்றிக்கொண்டு நடந்தான். இழுத்துப் பார்த்தாள். சங்கிலி கட்டிய ஜேசிபி போல இழுத்துக்கொண்டு போனான்.

அவனை விட்டுவிட்டு அவள் மிஞ்சி நின்ற பெரிய குதிரையிடம் ஓடினாள். பீடத்தில் ஏறிக் கழுத்தைப் பிடித்துக்கொண்டு, வலக்கண்ணில் இருந்த சுண்ணாம்பை வரைபேனாவின் முனையால் சுரண்டினாள். பாளமாகப் பெயர்ந்தது. அதோடு ஒட்டிக்கொண்டு வேளார் வைத்த விழியும் வந்துவிட்டது. கீழே வெறும் சுட்ட மண். பேனாவால் அதன்மேல் ஒரு வட்டம் போட்டாள். ஒரு கோடுகூட விழவில்லை. கண்ணாடித் திரையில் மட்டுமே எழுதும் பேனா. தூக்கி எறிந்துவிட்டுப் பையில் துழாவினாள். கண்மை டப்பா கிடைத்தது.

திறக்கும் கண்ணுக்கு நேரே யாரும் நிற்கக் கூடாது, முதல் பார்வை கண்ணாடியில்தான் விழ வேண்டும் என்று ஊரில் எல்லோருக்கும் தெரியும். கண்ணாடி இல்லை. செல்போனில் செல்ஃபி கேமராவைத் திறந்து, குதிரையின் முகத்துக்கு நேரே இடக்கையில் நீட்டிப் பிடித்தாள். வலக்கை விரலில் மையைத் தொட்டு விழியை வரைந்தாள். பள்ளிக்கூடம் விட்ட நாளிலிருந்து அவள் திரை தவிர வேறெதிலும் வரைந்ததில்லை. விழி சற்றுக் கோணலாக வந்தது.

போன் திரையில் குதிரையின் முகம் தெரிந்தது. அதன் பின்னால் வீரமரம். வீரமரத்துக்கும் குதிரைக்கும் நடுவில், காலியாகிவிட்ட பொட்டலில், இரண்டு வரிசையாகக் குதிரைகள் நின்றன. ஒன்றிலும் உடைசல் இல்லை. எல்லாம் தலையைத் திருப்பிக் குழியைப் பார்த்துக்கொண்டிருந்தன. எதற்கும் கண் இல்லை.

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. குதிரையின் காதருகே வாயை வைத்தாள்.

“சொன்ன வாய் என்னோடது. அவன் பூசத்தான் செஞ்சான். இந்தக் கண்ணை வச்சு அவனை வீட்டுல கொண்டாந்து விட்ரு. எல்லாத்தையும் நின்ன எடத்துல நிறுத்துறோம். நிறுத்துனப்புறம் மத்தக் கண்ணு.”

குழியின் விளிம்பில் செம்மல் நின்றான். ஒரு கால் தூக்கியிருந்தது. தூக்கிய காலுக்கும் அது படப்போகும் இடத்துக்கும் நடுவில் எத்தனை படங்கள் என்று அவள் மனம் தன் பாட்டுக்கு எண்ணியது. கால் பின்னால் வந்து தரையில் பட்டது. அவன் திரும்பினான். கண்ணைச் சுருக்கி அவளைப் பார்த்தான்.

“அங்க ஏறி என்ன பண்றே? சோறு ஆறிப் போயிருக்கும், வா.”

வெள்ளிக்கிழமையே செம்மல் ஜேசிபியைக் குழிக்கு ஓட்டினான். ரெங்கசாமி வந்து, இருளாயியின் கையைப் பிடித்தபடியே நின்று பார்த்தார்.

“ரோட்டை எப்படி மாமா விடுறது?” என்று கேட்டான் செம்மல்.

“வளைச்சு விடச் சொல்லி எழுதிக் குடுப்போம். மூணு நாளா நானே வளைஞ்சு வளைஞ்சுதானேடா போய்க்கிட்டிருக்கேன். ரோடு வளைஞ்சா என்ன?”

பதினோரு நாள் ஆயிற்று. ஜேசிபி பக்கெட்டில் வைக்கோல் பரப்பி, ஒவ்வொரு துண்டாக ஏற்றி, அது நின்ற இடத்தில் இறக்கினான். ஒட்டவைக்கவில்லை. உடைந்தது உடைந்தபடியே. அத்தனை நாளும் அவனுக்கு வழி தெரிந்தது, குதிரையின் வலப்பக்கமாக நடக்கும்வரை. இடப்பக்கம் போனால் மட்டும் கண் வெளுத்தது. மாடுகள்கூட அந்தப் பக்கம் மேயவில்லை.

பதினோராம் நாள் உச்சிப்பொழுதில் கடைசித் துண்டாக ஒரு தாடையை இறக்கிவிட்டு அவன் எஞ்சினை அணைத்தான். மோகனப்ரியா கண்மை டப்பாவோடு, முதன்முறையாக, குதிரையின் இடப்பக்கம் போனாள்.

சுண்ணாம்பில் வட்டமாக ஒரு விரிசல் ஓடியிருந்தது. ஓரங்கள் வெளிப்பக்கமாகத் தூக்கியிருந்தன.

ஊரில் நாய்கள் அடங்கின. அவள் பீடத்தில் ஏறிப் போனை நேராகப் பிடித்தாள். விரல் படுமுன்பே சுண்ணாம்புச் சில்லு உதிர்ந்து அவள் காலடியில் விழுந்தது. மையைத் தொட்டு வரைந்தாள். இந்த முறை விழி கோணவில்லை. திரையில் என்ன தெரிகிறது என்று பார்க்க அவளுக்குத் துணிச்சல் இல்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டு செம்மலைப் பார்த்தாள். அவன் குதிரையின் இடப்பக்கமாகவே அவளை நோக்கி நடந்து வந்தான். எதிலும் முட்டவில்லை.

போனைப் பிடித்திருந்த கையின்மேல் ஒரு மூச்சு பட்டது. சூடாக இல்லை. மழைக்கு முந்தைய மண் வாசனை அதில் இருந்தது.