கல்மேட்டைக் கடந்தவள்

பக்கவாதம் வந்து ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய கிளெனிஸ், வீட்டுக்குள் நாலடி நடக்கச் சொன்னாலும் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். கைத்தடி மூலையில் தூங்கியது. சாயங்காலம் ஓடைக்குப் போகலாமென்றால் மட்டும் சக்கர நாற்காலியில் ஏறத் தயார். அங்கே மேல்மடுவில், வாத்து அலகும் ரோம உடம்புமாக ஒரு பெண் பிளாட்டிபஸ் இருந்தது. அதைப் பார்க்கும்போது மட்டும்தான் அவள் சிரித்தாள். காலமெல்லாம் மாடு கறந்தே கிழவனாகிவிட்ட புருஷன் மெர்வின், அந்தச் சிரிப்புக்காக என்ன வேண்டுமானாலும் செய்வான்.

தண்ணீருக்குள் அது போகும் அழகே அழகு. கண்ணையும் காதையும் இறுக மூடிக்கொண்டு, முன்கால் சவ்வைத் துடுப்பாக விரித்து வலித்து வழுக்கிக்கொண்டு போகும். இரையை அலகாலேயே தேடும். மூச்சுக்கு மேலே வந்து, கன்னத்தில் அடக்கியதை மென்றுவிட்டு மறுபடி முங்கும். கரையேறினால் கதையே வேறு. சவ்வை உள்ளங்கைக்குள் மடித்து, விரல்முட்டியை ஊன்றி, ஆடி ஆடி நகரும்.

"அப்படியே என்னை மாதிரி. தண்ணியில போட்டா நானும் மிதப்பேன், தரையிலதான் மானம் போகுது" என்றாள் கிளெனிஸ், கோணிய வாயால் சிரித்தபடி.

"நீ இறங்கினா மடுவுல தண்ணி மிஞ்சாது."

"போ கிழவா."

பிறந்தநாளுக்கு என்ன வேண்டுமென்று கேட்டபோது, யாபி வேண்டுமென்றாள். ஓடைச் சேற்றில் கிடைக்கும் இறால் அது. மெர்வின் கொட்டகையிலிருந்து பழைய வலைக்கூண்டை எடுத்தான். தண்ணீருக்குள் முழுக்க முங்கிக் கிடக்கும், உள்ளே போனது வெளியே வரமுடியாத கூண்டு. அரசாங்கம் தடை செய்து வருடங்களாகிறது. "பட்டணத்துல உக்காந்து சட்டம் போடுறவனுக்கு யாபியைப் பத்தி என்ன தெரியும்" என்று முனகினான்.

ஆனாலும் மேல்மடுவில் போடவில்லை, கீழ்மடுவில்தான் போட்டான். மழை பொய்த்ததில் இரண்டுக்கும் நடுவே ஓடை வற்றி, வெறும் கல்மேடாகக் கிடந்தது. தண்ணீரில்லாமல் பிளாட்டிபஸ் எப்படிக் கீழே வரும் என்பது அவன் கணக்கு. அது நடப்பதைத் தினமும் பார்த்தவன்தான். பார்த்து என்ன பிரயோஜனம்.

காலையில் கூண்டு கனத்தது. அவனுக்குச் சந்தோஷம். தூக்கிப் பார்த்தால், யாபிகளுக்கு நடுவே பழுப்பு ரோமம். மூச்சுக்கு மேலே வரத் தவித்ததில், அதன் நகம் மேல்வலைக் கண்ணியில் சிக்கியிருந்தது. மெர்வின் கரையில் உட்கார்ந்து தேம்பினான். புதைத்துவிடலாம். சாயங்காலம் மேல்மடுவில் உட்கார்ந்து, நாளைக்கு வரும் என்று சொல்லிவிடலாம். எத்தனை நாளைக்குச் சொல்வது? சட்டையைக் கழற்றி, அதில் சுற்றி எடுத்துப் போனான்.

"கிளெனிஸ், நான் அதைக் கொன்னுட்டேன்."

அவள் திட்டவில்லை. மடியில் வாங்கி, நல்ல கையால் முன்காலைப் பிடித்து, சவ்வை விரித்துப் பார்த்தாள். பிறகு மடித்து வைத்தாள்.

"எங்க?"

"கீழ்மடுவுல."

"அங்க எப்படிப் போச்சு?"

"நடந்துதான். மேல தீனி தீர்ந்திருக்கும்."

"அந்தக் கல்லு மேலயா? இந்தக் காலை வச்சுக்கிட்டா?" என்றாள். அப்புறம்தான் அழுதாள்.

மூலையில் கிடந்த தடியைக் கேட்டு வாங்கிக்கொண்டு, கல்மேட்டுக்குக் கூட்டிப்போகச் சொன்னாள். நாற்காலி அதற்கு மேல் உருளவில்லை. நல்ல கையால் தடியை ஊன்றி எழுந்து, மறுபக்கம் அவன் தோளில் சாய்ந்துகொண்டாள். கற்களுக்கிடையே ஈர மண்ணில் சின்னச் சின்னத் தடங்கள், வால் இழுபட்ட கோடு. தடத்தை மிதிக்காமல், நின்று நின்று கீழ்மடுவரை வந்தாள். போன தடமும் வந்த தடமும் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தன.

"தினம் போயிட்டுத் திரும்பியிருக்கா, மெர்வ்."

கடைசித் தடம் தண்ணீருக்குள் இறங்கியதோடு சரி.

"நாற்காலிக்குத் தூக்கிட்டுப் போகட்டுமா?" என்றான் கடைசியில்.

"வேணாம். அவ திரும்பிப் போகவேண்டிய தூரம் பாக்கியிருக்கு."

அவன் தோளைக் கொடுத்தான். அவள் சாய்ந்துகொள்ளவில்லை. தடியை ஊன்றி, ஆடி ஆடி, கல்மேட்டில் ஏறத் தொடங்கினாள்.