ஹால்வர் இன்னும் வீடு திரும்பவில்லை

1

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை ஒரு காலி டியூப்பிலிருந்து வந்தது.

வாசலில் பனி முழங்காலுக்கு ஏறியிருந்த ஒரு நாள், பனி அள்ளும் என் சவளின் பிடி முறிந்துவிட்டது. எதிர்வீட்டுக் கொட்டிலுக்குப் போய் அவர்களுடையதை எடுத்தேன். எங்கள் பள்ளத்தாக்கில் இதற்கெல்லாம் ஒருவரும் கேட்டுக்கொண்டு நிற்பதில்லை. அங்கே மேசையில், அடிவரை பிதுக்கி எடுத்த பசைமெழுகு டியூப் ஒன்று கிடந்தது. வெளியே மைனஸ் பதினொன்று, புதுப்பனி. வந்த வேலையை மறந்து அதையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

ஏன் என்று இங்கே நடக்கப் பழகும் பிள்ளைக்கும் விளங்கும். உங்களுக்காக ஒரேயொரு தடவை சொல்கிறேன், திருப்பிக் கேட்காதீர்கள். பனியில் சறுக்கிப் போகும் ஸ்கீப் பலகையின் அடியில் பூசும் மெழுகு குளிருக்குத் தக்கபடி மாறும். கடுங்குளிரில் நீல மெழுகு. பனி உருகி ஈரமாகக் கிடக்கும் நாளில்தான் பசை. புதுப்பனியில் பசையைப் பூசிக்கொண்டு இறங்கினால், பலகைக்கு அடியில் பனி கட்டி கட்டியாக ஒட்டும். வழுக்காது. காலில் அம்மிக்கல்லைக் கட்டிக்கொண்டு மலை ஏறுகிற மாதிரித்தான்.

அந்த டியூப் அங்கே எப்படி வந்தது என்று நான் விசாரிக்கவில்லை. எதிர்வீட்டார் இருவரும் சுகமாக இருக்கிறார்கள். பெயர்களை மாற்றிவிட்டேன். மிச்சமெல்லாம் கற்பனை. [என்று சொல்லிவைப்பது எனக்கும் நல்லது. அவர்களுடைய சவள் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது.]

2

முதல் தொடக்கம்: “வெள்ளைப் போர்வை போர்த்திய நோர்வே மலைகளின்” சீ! பனியைப் போர்வை என்று எழுதுகிறவர் ஒருநாளும் அதை அள்ளிக் கொட்டியிருக்கமாட்டார்.

இரண்டாம் தொடக்கம்: “ஹால்வருக்கு மறதி நோய் தொடங்கி” வேண்டாம். அந்த வீட்டில் இதுவரை ஒருவரும் அந்தச் சொல்லை வாயால் சொல்லவில்லை. முந்திக்கொண்டு சொல்ல நான் யார்?

மூன்றாவது: இங்குன் கொட்டில் கதவைத் திறந்தாள்.

சரி. இதைப் பிடித்துக்கொண்டு போகலாம்.

3

இங்குன் கொட்டில் கதவைத் திறந்தாள். [எழுபது தாண்டிய பெண்ணை ‘அவள்’ என்று எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனால் ஹால்வரும் அவர் பெண்சாதி இங்குனும் இரண்டு பேருமே ‘அவர்’ என்றால் நீங்கள் குழம்புவீர்கள். பொறுத்துக்கொள்ளுங்கள்.]

காலையில் அவள் சிநேகிதிகளோடு ஏரிக்குப் போயிருந்தாள். உறைந்த ஏரியில் துவாரம் வெட்டி அதற்குள் இறங்கிக் குளிப்பது இந்தப் பக்கத்துப் பெண்களின் குளிர்காலப் பொழுதுபோக்கு. ஒருத்திக்கு அது, இன்னொருத்திக்குக் கம்பளிப் பின்னல், வேறொருவருக்குப் பனிக்கட்டிமேல் தூண்டில், ஹால்வருக்கு ஸ்கீ. குளிர்காலத்தில் வீட்டுக்குள் குந்தியிருக்கும் ஆளைக் கண்டால் ‘சுகமில்லையோ’ என்றுதான் ஊர் கேட்கும்.

ஆனால் இந்த முறை பனி விழத் தொடங்கியதிலிருந்து இங்குன் இன்றைக்கு முன் ஒருநாளும் ஏரிப் பக்கம் போகவில்லை. ஏனென்று அவளுக்கு மட்டும்தான் தெரியும். ஹால்வர் எழும்ப முன்னர் கொட்டிலுக்குப் போவாள். முந்தின நாள் அவர் பூசிவைத்த மெழுகைத் தடவிப் பார்ப்பாள். பிழையென்றால் சுரண்டி எடுத்துவிட்டுச் சரியானதைப் பூசுவாள். பிறகு ஒன்றும் நடவாததுபோல் குசினியில் கோப்பி போடுவாள். அந்த நேரம் பார்த்துத் தொலைபேசி அடிக்கும்.

மெழுகு விசயத்தில் ஹால்வர் சொன்னால் அப்பீலே கிடையாது. முன்பெல்லாம் ஊரில் பாதிப்பேர் காலையில் அவரைக் கூப்பிட்டுக் கேட்டுவிட்டுத்தான் வெளிக்கிடுவார்கள். இப்போது கைபேசியே எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறது. ஊரில் தூரே என்ற ஒருவன்தான் இன்னும் கேட்கிறான்.

“ஹால்வர் அண்ணை, இண்டைக்கு என்ன மெழுகு?”

ஹால்வர் தொலைபேசியைக் காதில் வைத்தபடி மனைவியைப் பார்ப்பார். அவள் நீல டப்பாவைத் தூக்கிக் காட்டுவாள்.

“நீலம்,” என்பார் ஹால்வர், வைத்தியர் மருந்து சொல்லும் தோரணையில். “மெல்லிசாப் பூசு. உன்ர வண்டி வயித்துக்கு ரெண்டு பூச்சுக் காணாது, மூண்டு பூசு.”

[இவர்களிடம் அண்ணையும் இல்லை, அக்காவும் இல்லை. பச்சைப்பிள்ளையும் பெயர் சொல்லித்தான் கூப்பிடும். ‘அண்ணை’ என் கைச்சரக்கு. ஆனால் தூரே கதைக்கும் தொனியில் அது இருக்கிறது. எழுதாமல் விட்டால்தான் பொய்.]

இன்றைக்குச் சிநேகிதிகள் விடவில்லை. “நீ செத்துப்போனாய் எண்டெல்லோ நாங்கள் நினைச்சம். வெளிய வாடி!” என்று வாசலில் நின்று கத்தினார்கள். இங்குன் கொட்டிலுக்குப் போய்ப் பார்த்தாள். பலகையில் நீலம்தான் இருந்தது. ஒருநாள்தானே என்று போனாள்.

மதியம் திரும்பியபோது ஹால்வர் இல்லை. அது வழக்கம்தான். ஆனால் பின்னேரத்து வெளிச்சம் மங்கத் தொடங்கியும் அவர் வரவில்லை. பனி வேறு பெரிய பெரிய செதிலாக விழுந்தது. அப்போதுதான் அவள் கொட்டில் கதவைத் திறந்தாள். மேசையில் அந்த டியூப் கிடந்தது.

சரியாகப் பூசியிருந்த நீலத்துக்கு மேலேயே பசையை அப்பிக்கொண்டு போயிருக்கிறார். இங்குன் டியூப்பை எடுத்து மேற்சட்டைப் பைக்குள் ஒளித்தாள். யாரிடமிருந்து ஒளித்தாள் என்று அவளுக்கே தெரியாது.

4

ஹால்வரை நான் சரியாக எழுதவில்லை என்று நினைக்கிறேன். பாவம் ஒரு கிழவர் என்று நீங்கள் உச்சுக்கொட்டத் தயாராகிவிட்டீர்கள். வேண்டாம். சரியான தலைக்கனம் பிடித்த மனுசன் அவர். அடுத்தவருடைய பலகையைப் பார்த்தால் அவருக்குச் சிரிப்பு வரும். மெழுகில் தன்னோடு எதிர்வாதம் செய்தான் என்பதற்காகத் தூரேயோடு ஒரு குளிர்காலம் முழுக்கக் கதைக்காமல் இருந்தவர். பரிதாபப்பட்டால் உங்களையும் நாயைக் கலைப்பதுபோல் கலைத்துவிடுவார்.

ஒருநாள் இங்குன் கேட்டுப் பார்த்தாள். “இஞ்சரப்பா, நானும் உங்களோட வரட்டே?”

“என்னத்துக்கு? கழுத்தில வாரைக் கட்டிப் பிடிச்சுக்கொண்டு வரப்போறியோ?”

“இல்லையப்பா, சும்மா... கதைச்சுக்கொண்டு போகலாமெண்டு...”

“வீட்டில கதைக்கிறது காணாதோ உனக்கு?”

அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. ஆனால் அன்று சாப்பிட்ட கோப்பையைக் கழுவிக்கொண்டிருந்தபோது, திரும்பிப் பார்க்காமலே ஹால்வர் சொன்னார்.

“இங்குன், அந்தப் பாதையில போகேக்க மட்டும்தான் எனக்கு எல்லாம் ஞாபகம் இருக்கு. எந்த வளைவு, எந்த மரம், எல்லாம். என்னை அதில இருந்து இறக்கிப்போடாதை.”

அவள் ஈரக் கோப்பையை அவர் கையிலிருந்து வாங்கித் துடைத்தாள்.

[இந்தப் பகுதியை எழுத எனக்கு நிறைய நேரம் எடுத்துவிட்டது. இரண்டு தரம் தேத்தண்ணீர் குடித்தேன். கதைக்குள் பனி நிற்கவில்லை. அவர் போன தடம் இந்நேரம் மூடியிருக்கும். இனி இடையில் புகுந்து அலட்டமாட்டேன்.]

5

குசினியில் உருளைக்கிழங்கு அவிந்துகொண்டிருந்தது. மீன் கட்லட்டைப் பொரிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் இங்குன் சட்டியை அடுப்பில் வைத்தாள், இறக்கினாள், திரும்ப வைத்தாள். தொலைபேசி சுவரோரம் இருந்தது.

கூப்பிட்டால் தேடுகிற ஆட்கள் வருவார்கள். ஊர்க்காரர்தான், எல்லாரும் தொண்டர்கள். நல்லவர்கள். செம்மஞ்சள் சட்டையைப் போட்டுக்கொண்டு, பனி ஸ்கூட்டர் பத்துப் பன்னிரண்டை இரைச்சலோடு எல்லா வீட்டு வாசலாலும் ஓட்டிக்கொண்டு மலைக்கு ஏறுவார்கள். அவர்களுக்குத் தலைவன் தூரே. ஹால்வரைக் கண்டுபிடிப்பார்கள். கம்பளியால் சுற்றி, ஸ்கூட்டருக்குப் பின்னால் சறுக்கு வண்டியில் கிடத்திக் கொண்டுவருவார்கள். பலகையை யாராவது தூக்கி வருவார்கள். தூக்குகிறவன் அடியில் இருக்கும் பசையைப் பார்ப்பான். அதோடு எல்லாம் முடிந்தது. பிறகு ஹால்வரைத் தனியே வெளியே விட ஊரே சம்மதிக்காது. அவளாலும் முடியாது.

நான் அவளைத் தொலைபேசிக்குப் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்தினேன். கூப்பிடு என்று எழுதினேன். அவள் கூப்பிடவில்லை.

கூப்பிடுங்கோ, இங்குன் அக்கா. இருட்டுது.

“நீர் சும்மா இரும். எங்கட மனுசன் இந்த மலையில பிறந்தவர்.”

பசையைப் பூசிக்கொண்டு போயிருக்கிறார்.

“தெரியும். பலகையைக் கழட்டித் தோளில வைச்சுக்கொண்டு நடந்து வருவார். கோவத்தில வருவார். வந்து என்னை ஏசுவார்.”

தடம் மூடிவிட்டது. எந்தப் பக்கம் என்று அவருக்கு...

“அவருக்கு அந்தப் பாதை தெரியும்!” கையிலிருந்த அகப்பையை மேசையில் அடித்தாள். “அது ஒண்டுதான் தெரியும். அதையும் இல்லையெண்டு எழுதப் போறீரோ? எழுதும் பாப்பம்!”

என்னால் எழுத முடியவில்லை.

6

வேறு வழியில்லாமல் முடிவுகளை எழுதிப் பார்த்தேன்.

ஒன்று. கதவு திறக்கிறது. புருவமெல்லாம் பனியோடு ஹால்வர். “நாசமாப்போன பனி! நாயே நடக்காது இதில!” இங்குன் சிரித்தபடி கட்லட் பொரிக்கிறாள். அவர் நித்திரையானதும் கொட்டிலுக்குப் போய்ப் பசையைச் சுரண்டுகிறாள். எனக்கு இந்த முடிவில் கொள்ளை ஆசை. ஆனால் நாளைக்கும் பனி விழும். நாளைக்கும் அவர் போவார்.

இரண்டு. அவள் கூப்பிடுகிறாள். மலையில் ஒரு குடிசையின் சுவரோடு சாய்ந்திருந்தவரைக் கண்டுபிடிக்கிறார்கள். குளிரில் விரல் நுனி இரண்டு கறுத்துவிட்டது, வேறொன்றுமில்லை. மறுநாள் பலகையைக் கொட்டிலின் முகட்டு மரத்தில் செருகிவிடுகிறார்கள். ஹால்வர் சன்னலோரம் இருந்து பாதையால் போகிறவர்களைப் பார்க்கிறார். யாரையும் பார்த்துச் சிரிப்பதில்லை. இங்குனைப் பார்ப்பதுமில்லை.

மூன்று. அவள் கூப்பிடவில்லை. விடிகிறது...

இதை எழுதமாட்டேன். நான் கல்நெஞ்சுக்காரியில்லை.

7

தொலைபேசி தானாகவே அடித்தது.

இங்குன் பாய்ந்து எடுத்தாள். அவசரத்தில் சட்டியைத் தட்டிவிட்டாள், எண்ணெய் அடுப்பில் சிந்திப் புகைந்தது.

“ஹலோ! நீங்களே?”

“நான் தூரே.”

அவள் கதிரையை இழுத்துப்போட்டு அதில் குந்தினாள்.

“என்னக்கா, மூச்சு வாங்குது? ஓடி வந்தனீங்களோ?”

“அடுப்பில எண்ணெய். என்ன விசயம் தூரே?”

“ஒண்டுமில்லை. காலமை நீங்கள் வீட்டில இல்லைப்போல.”

“ஏரிக்குப் போனனான்.”

“ஓம், சொன்னவர்.” பின்னால் அவன் வீட்டு வானொலி கேட்டது. அதை யாரோ நிறுத்தினார்கள். “வழமையாக் கேக்கிறமாதிரி இண்டைக்கும் கேட்டனான், என்ன மெழுகெண்டு.”

இங்குன் சட்டைப் பைக்குள் கையை விட்டாள். டியூப்பின் தகரம் குளிர்ந்துபோய் இருந்தது.

“பசை எண்டு சொன்னவர்,” என்றான் தூரே. “மைனஸ் பதினொண்டு. பசையாம். நான் விழுந்து விழுந்து சிரிச்சன். அவரும் சிரிச்சவர். பிறகு வேலைக்குப் போயிட்டன். ஆனா பகல் முழுக்க எனக்கு அது என்னவோ மாதிரி...”

சன்னலுக்கு வெளியே பாதை தெரியவில்லை. பாதையோரத்து விளக்குகள் எரியத் தொடங்கியிருந்தன. விளக்கைச் சுற்றிப் பனிதான் தெரிந்தது.

“அக்கா, அவர் எங்க? ஒருக்கா அவரிட்டக் குடுங்கோ.”

அவள் வாயைத் திறந்தாள்.

இந்த இடத்தில் நான் பேனாவை வைத்துவிடுகிறேன். ‘நித்திரை’ என்று எழுத எனக்குக் கை வரவில்லை, மலையில் ஒரு மனிதர் இருக்கிறார். ‘வரேல்லை’ என்று எழுதவும் வரவில்லை. அவர் அவளிடம் தன்னுடைய சீவியத்தில் ஒன்றே ஒன்றுதான் கேட்டார், கோப்பை கழுவிக்கொண்டு. அதை என் கையால் முறிக்கமாட்டேன்.

நீங்கள் அவளுக்கு உறவுமில்லை, அயலுமில்லை. நானும் இல்லை. ஆனாலும் தொலைபேசி இப்போது உங்கள் காதில்தான் இருக்கிறது. ஒரு சொல் போதும். யோசித்துக்கொண்டு இருக்காதீர்கள், பனி நிற்கவில்லை.

தூரே இன்னொரு தரம் கேட்கிறான். இந்த முறை குரல் தாழ்ந்திருக்கிறது.

“அவர் பகிடிக்குத்தானே சொன்னவர், அக்கா?”